விமலேஸ்வரிக்குப் போட்ட முடிச்சுகள்

"வேளாங்கண்ணிக்குப் போறதெண்டால் மீன் சட்டியோடையே போகப் போறாய்?"

சிவனேஸ்வரி இப்படிக் கேட்டதும் யூலிற்றாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து பஸ் மாறி மாறிக் கிளிநொச்சிக்கு வந்து, அங்கிருந்து உருத்திரபுரம் எட்டாம் வாய்க்கால் மட்டும் ஆடிமாதக் காற்றில் புழுதி குளித்தபடி நடந்து வந்தவள். கருவாட்டுப் பொட்டலத்தை இன்னும் மடியிலிருந்து இறக்கவில்லை.

"சமைக்காமல் என்னண்டு அக்கா? அங்கத்தைச் சாம்பாரை என்ரை மனுசன் வாயிலை வைக்கமாட்டார்."

"அதுக்காகச் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு சுங்கக்காரனுக்கு முன்னாலை நிப்பியோ? நாகப்பட்டினத்திலை இறங்கினவுடனை மீன் விக்கிற மனிசியளிட்டைக் கதை குடு. உன்ரை வாய்க்கு, அவளவை வீட்டிலை வைச்சே சமைச்சுத் தருவாளவை. வாய் இருக்கிறவளுக்குச் சட்டி என்னத்துக்கு?"

"அதுவும் சரிதான்."

"ஆருக்காகப் போறாய்?"

"மூத்த பெட்டைக்கு. வலிப்பு வருகுது. மாதாவுக்கு நேர்ந்து வைச்சனான்."

"என்னத்துக்குப் பயம்?"

"கடலிலை பிறந்த எனக்குக் கடலுக்குப் பயமில்லை. றெயிலுக்குத்தான் பயம். அது நிக்காமல் போய்விட்டுதெண்டால்?"

"நிக்காமல் போனால் அடுத்தது வரும். உன்ரை மனுசனை மாதிரி ஒண்டே ஒண்டோ அது?" குரலைத் தாழ்த்தினாள். "மாதம் மாதம் குளிக்கிறது எப்ப?"

யூலிற்றா வேலிப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "எங்கடை மாதா உதெல்லாம் பாக்கமாட்டா அக்கா."

"மாதா பாக்கமாட்டா. கொடியேத்தச் சனத்துக்குள்ளை நெருக்குப்படப் போறவள் நீயெல்லோ. நீதான் பாக்கவேணும்."

அதன் பிறகுதான் நூலை எடுத்தாள். வெள்ளைப் பருத்தி நூல். ஒரு முழத்துக்குமேல் இழுத்து, பல்லால் கடித்து அறுத்து, முடிச்சுப் போடத் தொடங்கினாள். இது மதவாச்சி, இதிலை இறங்கி றெயில் மாறவேணும். இது தலைமன்னார்த் துறை, இதிலை கப்பல். இது தனுஷ்கோடி. கப்பலாலை இறங்கினவுடனை ஒண்டும் தின்னாதை, ஒரு தேசிக்காயை மணந்துகொண்டு இரு. நீராடுகிற இடத்துக்குப் பெரிய முடிச்சு, தங்குகிற இடத்துக்கு இரட்டை முடிச்சு. ஒவ்வோர் இடத்துக்கும் போய்ச் சேர்ந்ததும் அந்தந்த முடிச்சை அவிழ்க்கவேண்டும். எல்லாம் அவிழ்ந்து நூல் வழவழவென்று ஆனால் வீட்டுப் படலை வந்துவிட்டதென்று அர்த்தம். வாசிக்கத் தெரியாத பெண்களுக்கென்று அவள் கண்டுபிடித்த வழி அது. வாசிக்கத் தெரிந்தவர்களும் பிறகு அதையே கேட்டார்கள். திரும்பி வந்தவர்கள் நூலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் அதைச் சுருட்டி ஒரு தகர விசுக்கோத்து ரின்னுக்குள் போட்டுவைப்பாள். கூலி என்று ஒன்று கேட்டதில்லை. வெற்றிலை, ஒரு கொத்துப் பயறு, கோடித் துண்டு, கொண்டுவருவது எதுவானாலும் சரி. அதிலேதான் அவளுடைய பாடும் போய்க்கொண்டிருந்தது.

சிவனேஸ்வரியின் புருசன் தில்லைநாதன் றெயில்வேயில் லைன் வேலை பார்த்தவன். வருசத்தில் சில தரம் காசில்லாமல் றெயிலில் போக அவனுக்கு வொறண்ட் கிடைக்கும். மற்றவர்கள் அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போய் வந்தால், இவர்கள் இரண்டு பேரும் றெயில் எங்கே முடிகிறதோ அங்கே போய் இறங்குவார்கள். பதுளைக் குளிரும் மாத்தறைக் கடலும் அப்படிப் பார்த்ததுதான். முல்லைத்தீவிலிருந்து கரைவழியே கதிர்காமத்துக்கு நடந்தார்கள். இரண்டு தரம் சிதம்பரம் போனார்கள். பிள்ளைகள் இல்லை. "எங்கடை பிள்ளையள் எல்லாம் றெயில்பெட்டிக்குள்ளைதான் ஓடித் திரியுதுகள்" என்று அவன் பகிடி விடுவான். மாங்குளத்தில் தண்டவாளத்தோரம் பாம்பு கடித்து அவன் போனபிறகு, குடியேற்றக் காணி கிடைத்து வந்த தம்பி கதிர்காமநாதனோடு அவளும் வந்து ஒட்டிக்கொண்டாள்.

முதலில் தானே ஆட்களைக் கூட்டிக்கொண்டுதான் போனாள். பிறகு ஒரு நாள் நேர்த்திக்குப் போகிற ஒரு குடும்பம் தயங்கித் தயங்கிச் சொன்னது: "நீ சொல்லித் தந்தால் காணும் சிவனேஸ். கூட வரவேண்டாம். நல்ல காரியமெல்லோ." கைம்பெண் முன்னே போனால் நேர்த்தி பலிக்காது என்பதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. அன்றிலிருந்து அவள் போகவில்லை. அவள் போட்ட முடிச்சுகள் போயின. அவள் ஒழுங்குபண்ணிய பயணக்காரர் புறப்படுகிற நேரத்தில், குசினிக்குள் போய் அடுப்படியில் குந்திவிடுவாள். வண்டில் சத்தம் வாய்க்கால் தாண்டிய பிறகுதான் வெளியே வருவாள். புறப்படும்போது எதிரே வருகிறவரின் முழுவியளம் பார்க்கிற சனத்துக்கு முன்னால் வந்து நிற்கிறவளா அவள்?

யூலிற்றா போனபின் விமலேஸ்வரி வந்து அருகில் குந்தினாள். கதிர்காமநாதனின் மனைவி. கொடிகாமத்துப் பெட்டை. கலியாணம் முடித்து ஒன்பது வருசம். இரண்டு தரம் வயிற்றில் தங்கியது, இரண்டு தரமும் ஊருக்குச் சொல்லி வாய் மூடுமுன்னே கலைந்துபோனது.

"மச்சாள்."

"என்னடி?"

"எனக்கும் ஒரு நூல் கட்டித் தாங்கோவன்."

"எங்..." என்று தொடங்கிய சிவனேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பயணம் போகிறவரிடம் எங்கே என்று கேட்பது குற்றம். "தூரமோ?" என்றாள்.

"தூரந்தான். திருவாதிரைக்குச் சிதம்பரம். பிறகு இராமேஸ்வரம். நீங்கள் எல்லாருக்கும் சொல்லுவியள், ரெண்டு கடலும் ஒட்டுற முனை எண்டு. அங்கை முழுகினால் பிள்ளை நிக்குமெண்டு சொல்லுகினம்." சற்று நிறுத்தினாள். "நான் கொடிகாமத்தையும் இந்த வாய்க்காலையும் விட்டு ஒண்டும் பாக்கேல்லை மச்சாள். நீங்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக் கேட்டு, எனக்கு அந்தக் கடல் கனவிலையும் வருகுது."

சிவனேஸ்வரி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். இத்தனை பேருக்கு முடிச்சுப் போட்டிருக்கிறாள். கடலைப் பார்க்கவென்று ஒருத்தியும் கேட்டதில்லை. எல்லாரும் நேர்த்திக்குத்தான் கேட்டார்கள்.

*

கதிர்காமநாதன் சம்மதிக்க இரண்டு மாதம் பிடித்தது. மாரிக் காலபோக நெல் விதைத்து முடித்து, வரம்பு செதுக்கிக்கொண்டிருந்தவனிடம் சிவனேஸ்வரிதான் தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் கொண்டுபோனாள்.

"மார்கழியிலை நான் எப்பிடி அக்கா வயலை விட்டிட்டு வாறது? காட்டுப்பண்டி வந்து உழுதுபோட்டுப் போகும்."

"உன்னை ஆர் வரச் சொன்னது? அப்புத்துரை அண்ணையும் பெண்சாதி இரஞ்சிதமக்காவும் சிதம்பரம் போகினம். அவையோடை விடு."

"அவள் தனிய..."

"தனிய என்ன? நான் கட்டுற நூல் போகுதெல்லோ."

அவன் மண்வெட்டியைச் சேற்றில் குத்தி வைத்துவிட்டுச் சிரித்தான். "உங்கடை நூலிலை கட்டி என்ரை மனிசியை இந்தியாவுக்கு இழுக்கிறியள். போகட்டும். சிதம்பரத்தானைக் கேட்டுப் பாக்கட்டும், எங்களுக்கு என்ன குறை வைச்சவன் எண்டு."

பாஸ்போட்டுக்கு யாழ்ப்பாணம், ஊசிக்கு ஆஸ்பத்திரி என்று அலைந்தார்கள். அலைந்த களைப்பில் விமலேஸ்வரி கார்த்திகையில் தாய்வீட்டில் கொஞ்ச நாள் நின்றாள். திரும்பி வந்தபோது மழை வாய்க்காலை நிரப்பியிருந்தது. அன்றைக்குத்தான் சிவனேஸ்வரி நூலோடு உட்கார்ந்தாள்.

"திருவாதிரையண்டைக்கு நீ சுத்தமாய் நிக்கவேணும். எப்ப குளிச்சனி?"

"கொடிகாமத்திலை நிக்கேக்கை, மச்சாள். போன கிழமை."

"அங்கையோ?"

"ஓம்."

சிவனேஸ்வரி முடிச்சுப் போடாமல் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரே வளவுக்குள் இருக்கிற பெண்களுக்குள் இதை மறைக்க முடியாது. வீட்டுக்கு விலக்கானவள் மாட்டுக்கொட்டிலோரம் இறக்கிய பத்தியில் பாயைப் போட்டுக்கொண்டு இருப்பாள், கிணற்றடிக்குப் போகமாட்டாள். ஐப்பசியில் அந்தப் பாய் விரியவில்லை. அப்போது அவள் எங்கும் போயிருக்கவுமில்லை. நேற்றுக் கறிக்குத் தாளித்தபோது விமலேஸ்வரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியடிக்கு ஓடியதையும் பார்த்தவள்தான்.

"உண்மையாத்தானே சொல்லுறாய்?"

"உண்மையா, மச்சாள்."

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் கை நூலின் மறு நுனியை இறுக்கிப் பிடித்திருந்தது, பறித்துவிடுவார்களோ என்கிற மாதிரி.

சொன்னால் வயிற்றில் நிற்காது என்று பயப்படுகிறாள். இரண்டு தரமும் சொல்லித்தானே போனது. இந்தத் தரம் யாருக்கும் முன்னே சிதம்பரத்தானுக்குச் சொல்ல நினைக்கிறாளாக்கும். இதெல்லாம் சிவனேஸ்வரிக்கு விளங்கியது. பயணத்தை நிறுத்தலாம். ஒரு சொல்லுப் போதும்: தம்பி, இவளை விடாதை. நாற்று நடுகிறவள் சேற்றில் குனிந்து நிற்பதைவிட றெயிலில் குந்தி இருப்பது என்ன கெடுதல் என்று மனது ஒரு பக்கம் நியாயம் சொன்னது. நியாயம் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அந்தப் பயணத்தைச் சிவனேஸ்வரி தன் மனதுக்குள் ஏற்கனவே பாதித் தூரம் போய்விட்டாள்.

முடிச்சைப் போட்டாள்.

"இது இராமேஸ்வரம். கோயில் கிணறுகளிலை எல்லாம் முழுகியிட்டு, மடத்திலை படுத்து எழும்பிக் காலமை றெயிலிலைதான் எல்லாரும் தனுஷ்கோடிக்குப் போறவை. நீ அப்பிடிப் போகாதை. முதல்நாள் இரவு றெயிலிலையே போய் அங்கை படுத்துவிடு."

"ஏன் மச்சாள்?"

"விடியேக்கை அந்த முனையிலை நிக்கவேணும். ஒரு பக்கம் பெண் கடல், குளம் மாதிரிக் கிடக்கும். மற்றப் பக்கம் ஆண் கடல், அடிச்சுக்கொண்டு கிடக்கும். நடுவிலை நீ நிப்பாய். சூரியன் எழும்பி வாற நேரம் ரெண்டு கடலும் ரெண்டு நிறமாய் இருக்கும். அவரும் நானும் நிண்டு பாத்தனாங்கள். காலமை றெயிலிலை போறவைக்கு உது கிடையாது. இது உனக்கெண்டு."

பெரிய முடிச்சாகப் போட்டாள். விமலேஸ்வரி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே மஞ்சள் உரைத்து நூலுக்குப் பூசி, கழுத்துக் கொடியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

*

புறப்பட்ட அன்று மழை விட்டு வானம் வெளித்திருந்தது. புளிச்சாதமும் பொரிவிளாங்காயும் கட்டி வண்டிலில் ஏற்றியாயிற்று. பக்கத்துக் காணி நேசமலர் நிறைகுடத்தோடு ஒழுங்கையில் எதிரே வரத் தயாராக நின்றாள். சிவனேஸ்வரி குசினிக்குள் போய்ப் பலகையில் குந்தினாள். வண்டில் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. இரஞ்சிதத்தின் குரல்தான் வந்தது.

"உதென்ன விசர்க்கதை பிள்ளை? நேரம் போகுது!"

"மச்சாள் வந்து முன்னுக்கு நிக்கட்டும். அதுக்குப் பிறகு போவம்."

"எடியே, அவளின்ரை நிலைமை உனக்குத் தெரியாதே? பிள்ளை வரத்துக்குப் போறனி!"

"தெரிஞ்சுதான் சொல்லுறன். இந்தப் பயணம் அவா தந்தது. அவாதான் எனக்கு முழுவியளம். அவா வராட்டி நான் வண்டிலிலை ஏறேல்லை."

கதிர்காமநாதன் குசினி வாசலில் வந்து நின்றான். "வாங்கோ அக்கா. அவள் அசையமாட்டாள் போலை கிடக்கு."

சிவனேஸ்வரி எழும்பினாள். கையைக் கழுவினாள். ஒரு செம்பில் தண்ணீர் மொண்டாள். இத்தனை வருசத்தில் யாருடைய பயணத்துக்கும் முன்னால் வந்து நிற்காத கால்கள் படலையைத் தாண்டிப் போனபோது உள்ளே எழுந்தது பயமா சந்தோசமா என்று அவளுக்கே தெரியவில்லை. எதிரே நடந்து வந்தாள். விமலேஸ்வரி சிரித்தாள். இரஞ்சிதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போட்டு வாறன் மச்சாள்."

"போட்டு வா பிள்ளை. தேசிக்காய் கையிலை இருக்கட்டும்."

*

அவர்கள் போய்ப் பத்தாம் நாள், புயல் பின்னேரமே தொடங்கிவிட்டது. முதலில் தென்னைகள் ஒரு பக்கமாகத் தலை சாய்த்து நின்றன. பிறகு மாட்டுக்கொட்டிற் கூரை கிளம்பி, பக்கத்து வயலில் போய்க் குப்புற விழுந்தது. பால் பிடிக்கிற பருவத்து நெல் தண்ணீருக்குள் படுத்துக்கொண்டது. கதிர்காமநாதன் வரம்பை வெட்டித் தண்ணீரை இறக்க மன்றாடிவிட்டு, நடுங்கிக்கொண்டு வந்து குசினிக்குள் குந்தினான். அடுப்பு எரியவில்லை. அக்கா சாக்கை எடுத்து அவன் முதுகில் போர்த்தாள்.

"அக்கா."

"ம்."

"இப்ப விமலா எங்கை நிப்பாள்?"

எங்கே என்று அவன் கேட்டுவிட்டான். கேட்கக்கூடாதது என்று தெரிந்தும் கேட்டான். சிவனேஸ்வரிக்கு அன்றைய முடிச்சு எதுவென்று விரல் நுனியில் தெரியும். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகிற இரவு றெயில்.

"இராமேஸ்வரம் மடத்திலை, தம்பி," என்றாள். "கல்லு மடம். ஒண்டும் செய்யாது. காத்து முழுக்க இஞ்சைதான் வந்திருக்குது. அங்கை மழைகூட இருக்காது."

கூரை ஒரு தரம் தூக்கி இறங்கியது. அவன் நம்பினான். அல்லது நம்பின மாதிரி இருந்தான்.

தந்திக் கம்பிகள் அறுந்து, றெயில்பாதை அரிந்து, ஊருக்கு ஒரு செய்தியும் வராமல் நாட்கள் போயின. பிறகு சங்கக்கடை வானொலியில் சொன்னார்கள். தனுஷ்கோடி இல்லை. துறை இல்லை, கோயில் இல்லை, பாம்பனிலிருந்து வந்த றெயில் சனத்தோடை கடலுக்குள் போய்விட்டது. அதைக் கேட்ட கதிர்காமநாதன் நேரே வயலுக்குப் போனான். அழுகிய நெல்லை அரிவாளால் அறுத்து அறுத்து வரம்பில் போட்டான். அறுத்து என்ன செய்வதென்று யாரும் அவனைக் கேட்கவில்லை. பொழுதுபடச் சிவனேஸ்வரி போய் அவன் கையிலிருந்து அரிவாளை வாங்கினாள்.

"மடத்திலையெண்டு சொன்னியள்."

"ஓம் தம்பி."

"மடத்திலைதானே?"

அவள் அரிவாளில் ஒட்டியிருந்த சேற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

*

தை பிறந்த பிறகு அப்புத்துரையும் இரஞ்சிதமும் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு வழியாக வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர்தான். முற்றத்தில் சனம் கூடியது. இரஞ்சிதம் பாயில் விழுந்து, தலையிலடித்துத் தலையிலடித்துச் சொன்னாள்.

"இராமேஸ்வரத்திலை எனக்குக் காய்ச்சல் பிடிச்சுது. எழும்பேலாது. இவர் சொன்னார், எல்லாருமாய் ரெண்டு நாள் நிண்டு போவமெண்டு. அவள் கேக்கேல்லை. யாழ்ப்பாணத்து மனிசியள் கொஞ்சப்பேர் அந்த றெயிலிலை போறதுக்கு நிண்டவை. அவையோடை போறனெண்டாள். நான் கையைப் பிடிச்சனான். மழை தூறுது, காலமை போவம் பிள்ளை எண்டனான். கழுத்து நூலை இழுத்துக் காட்டுறாள், மச்சாள் எனக்கெண்டு கட்டினது, விடியேக்கை அங்கை நிக்கவேணும் எண்டு! சிரிச்சுக்கொண்டு போனாள். ஐயோ, சிரிச்சுக்கொண்டெல்லோ போனாள்!"

கதிர்காமநாதன் தூணோடு நின்றான்.

"நல்லாத்தான் திரிஞ்சவளோ?" என்று நேசமலர் கேட்டாள்.

"எங்கை நல்லாத் திரிஞ்சவள்! கப்பலிலையும் சத்தி, கப்பலாலை இறங்கி நிலத்திலையும் சத்தி. காலமை எழும்பினால் தலைசுத்து. சிதம்பரத்திலை மாங்காய் விக்கிறவனைக் கண்டிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி..."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரஞ்சிதத்துக்கே அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது போல, வாய் திறந்தபடி நின்றது. சிவனேஸ்வரி ஒரேயடியாக எழும்பினாள்.

"அது கடல் சத்தி," என்றாள். குரல் தேவைக்கு அதிகமாகவே உயர்ந்தது. "கப்பலுக்குப் பழகாத உடம்பு. ஒரு கிழமைக்கு நிக்கும். எனக்கும் முதல் தரம் அப்பிடித்தான். புளிப்புத்தான் கேக்கும் வாய். அவள் வெளிக்கிட முதல் குளிச்சிட்டுத்தான் போனவள். நான் நாள் பாத்துத்தானே நூல் கட்டினனான்?"

"குளிச்சவளோ?"

"குளிச்சவள்."

இரஞ்சிதத்துக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது. "அப்ப உன்ரை வேலைதான்! பிள்ளை வரத்துக்குப் போறவளுக்கு முன்னாலை தாலி அறுத்தவள் செம்போடை வந்து நிண்டாய். நான் அண்டைக்கே முகத்தைத் திருப்பினனான். உன்ரை முழுவியளந்தான் அவளைக் கொண்டுபோனது!"

அப்புத்துரை, "சும்மா இரு மனிசி," என்றார். யாரும் கேட்கவில்லை. முற்றத்து முகங்கள் எல்லாம் ஒரு பக்கம் திரும்பின. இப்போது அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. மாங்காயை எல்லாரும் மறந்துபோனார்கள்.

சிவனேஸ்வரி தம்பியைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம்," என்றாள். "நான் முன்னுக்கு வந்திருக்கக் கூடாது."

அதற்குப் பிறகு அவளிடம் யாரும் நூல் கட்ட வரவில்லை. கிணற்றடியில் அவள் வாளியை எடுத்தால் மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. அவள் ஒவ்வொரு தரமும் ஓம் என்றாள். அவர்கள் ஏற்றிய பழி பொய். அதை இறக்கி வைத்தால் அடியில் கிடக்கும் உண்மை தம்பிக்குத் தெரிந்துவிடும். போனது ஒன்றில்லை, இரண்டு என்று. ஒன்றையே சுமக்க முடியாமல் ஆடிக்கொண்டு திரிகிறவனுக்கு அதையும் யார் ஏற்றுவது? இரவு இரவாக அவள் தன் மனதுக்குள் விமலேஸ்வரியை வண்டிலிலிருந்து இறக்கி, நூலை அவிழ்த்து, பத்தியில் பாய் விரித்துப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

கதிர்காமநாதன் சிறுபோகம் செய்தான். பிறகு மழை பார்த்துக் காலபோகம் விதைத்தான். அக்கா சமைத்ததைச் சாப்பிட்டான். புயலைப் பற்றியோ முழுவியளத்தைப் பற்றியோ அவன் வாய் திறக்கவில்லை. பண்டிக்காவலுக்குப் போகும்போது மட்டும் படலையடியில் ஒரு கணம் நின்று போவான்.

*

அடுத்த கார்த்திகையில் யூலிற்றா வந்தாள். முன்போலவே கருவாட்டுப் பொட்டலம். புழுதிக்குப் பதிலாக முழங்கால் மட்டும் சேறு. நூலையும் கொண்டுவந்திருந்தாள். எல்லா முடிச்சும் அவிழ்த்தது.

"பெட்டைக்கு எப்பிடி?"

"இப்ப வாறது குறைவு அக்கா. மாதாவின்ரை புண்ணியம். உங்கடை நூலைத் தர இவ்வளவு நாளும் வர முடியாமல் போச்சு. வந்தால்..." சொல்ல வந்ததை விழுங்கினாள். "கேள்விப்பட்டனான். சனத்தின்ரை கதையும் கேள்விப்பட்டனான். விசர்ச் சனம்."

"விசர்ச் சனமில்லை. விடு. கப்பல் ஓடுதோ இப்ப?"

"ஓடுது. நேரே இராமேஸ்வரத்துக்கு. தனுஷ்கோடிக்கு றெயில் இல்லை. மணல்தான். போகவேணுமெண்டால் மீன்காரரோடை கதைச்சு வள்ளத்திலை போகலாம். இல்லாட்டி மணலிலை நடக்கலாம். எங்கடை ஆக்கள் போய் வந்தவை. சுவருகள் மட்டும் நிக்குதாம்."

சிவனேஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் பாதை சொல்லிக் கொடுத்தவளுக்கு இன்னொருத்தி பாதை சொல்லிக்கொடுக்கிறாள். வயலிலிருந்து வந்த கதிர்காமநாதனும் வாசலடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

யூலிற்றா போனபின் அவன் கால் கழுவி வந்து நிலத்தில் குந்தினான். "அக்கா, எனக்கொரு நூல் கட்டித் தாங்கோ."

அவள் தன் கையைப் பார்த்தாள். "என்ரை கையாலையோ?"

"வேறை ஆரின்ரை கையாலை? வருசம் முடியப் போகுது. ஒரு கை எள்ளுத் தண்ணி விடவேணும்."

ரின்னைத் திறந்தாள். நூல்களெல்லாம் சுருண்டு சுருண்டு கிடந்தன. புது நூலை எடுத்தாள். கேட்காமல் கட்டலாம். ஆனால் கேட்டுக் கட்டினால்தான் அவளுக்குக் கை வரும்.

"வள்ளமோ, மணலோ?"

"நடக்கிறன்."

"என்ன சாப்பிடுவாய்?"

"தந்ததை."

"என்னத்துக்குப் பயம்?"

"இனி என்னத்துக்கு அக்கா பயம்."

"ஆருக்..." அந்தக் கேள்வியை அவள் முடிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்தாள். "இது மதவாச்சி. இது தலைமன்னார். இது இராமேஸ்வரம், இரட்டை முடிச்சு. காலமை வெள்ளண வெளிக்கிட்டு நட. வெயில் ஏறினால் மணல் சுடும். இது..." பெரிய முடிச்சாகப் போட்டாள். பெயரைச் சொல்லவில்லை.

அவன் நூலை வாங்கவில்லை. குந்தியபடியே அந்தப் பெரிய முடிச்சை விரலால் தொட்டான்.

"அதுக்குப் பக்கத்திலை ஒரு சின்ன முடிச்சும் போடுங்கோ அக்கா."

அவள் தலையை நிமிர்த்தினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. மாட்டுக்கொட்டிலோரப் பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். புதுக் கூரை போட்டு வெறுமனே கிடந்த பத்தி. ஒரே வளவுக்குள் அவனும்தானே இருந்தவன்.

"தம்பி..."

"போடுங்கோ."

நூலை எடுத்தாள். இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாந்தரம் முடிச்சு விழுந்தது. கடுகளவு. அவன் நூலை வாங்கிச் சால்வைத் தலைப்பில் சுற்றி முடிந்துகொண்டு, எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போனான்.

புறப்படுகிற அன்று சிவனேஸ்வரி புளிச்சாதத்தைக் கட்டி அவன் கையில் கொடுத்துவிட்டு, பழையபடி குசினிக்குள் போய்ப் பலகையில் குந்தினாள். ஒழுங்கையில் நேசமலரும் இன்னும் சிலரும் நிற்கிற சத்தம் கேட்டது. மாட்டின் கழுத்துமணி இரண்டு தரம் கிலுங்கியது. பிறகு இல்லை. வண்டில் நகரவில்லை. யாரோ, "என்ன நிக்கிறாய் தம்பி, நேரமாகுது" என்றார்கள். அவன் வண்டிலில் ஏறவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. நின்றான்.

அடுப்பில் தணல் சாம்பல் பூத்துக்கொண்டிருந்தது. சிவனேஸ்வரி எழும்பினாள். கையைக் கழுவினாள். செம்பில் தண்ணீர் மொண்டாள். ஒழுங்கையில் நின்றவர்கள் விலகினார்கள். அவள் வாய்க்கால் மதகடி மட்டும் போய், திரும்பி, வண்டிலுக்கு நேரெதிரே நடந்து வந்தாள். தண்ணீர் தளும்பிக் கையை நனைத்தது.

"தூரமோ, தம்பி?"

"தூரந்தான் அக்கா," என்றான். "போட்டு வாறன்."